‘ஆம்பளை’ என்ற அளவுகோல்: அறிவியல் என்ன சொல்கிறது?



“ஆம்பளப் பிள்ளை அழலாமா?” “சமையற்கட்டில் உனக்கு என்ன வேலை?” “என்னடா, பொம்பளப் பிள்ளை மாதிரி பேசுற?”

இவற்றில் ஒன்றையாவது நீங்கள் கேட்டிருப்பீர்கள். உங்களில் சிலர் சொல்லியும் இருப்பீர்கள். சொல்பவர் அடுத்த நிமிடமே அதை மறந்துவிடுவார். கேட்ட பையனோ, எப்படிச் சிரிப்பது, எப்படி நடப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அன்று முதல் கணக்குப் போடத் தொடங்கிவிடுவான்.

இந்தப் பேச்சுகளுக்குள் ஓர் அறிவியல் கூற்று ஒளிந்திருக்கிறது. “ஆணின் உடலே அவனை முரட்டுத்தனமாகவும் அழாதவனாகவும் படைத்திருக்கிறது. அப்படி இல்லாதவனிடம் ஏதோ குறை இருக்கிறது” என்பதே அந்தக் கூற்று. கூற்று என்று வந்துவிட்டால், அதைச் சோதித்துப் பார்க்கலாம். இந்த வாரம் அதைத்தான் செய்யப் போகிறோம்.

எல்லாருக்கும் ஒரே கடிகாரம் இல்லை

படிவம் 2 வகுப்பு ஒன்றை எட்டிப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். பக்கத்தில் இருப்பவனுக்கு இன்னும் குரல்கூட மாறியிருக்காது. இருவருக்கும் வயது ஒன்றுதான்.

பையன்களுக்குப் பருவ வளர்ச்சி 9 வயதிலும் தொடங்கலாம், 14 வயதிலும் தொடங்கலாம். இரண்டுமே இயல்பானவை என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் ஒரே வகுப்பில் படிக்கும் இருவரின் வளர்ச்சிக்கு இடையில் நான்கைந்து ஆண்டு இடைவெளி இருக்க முடியும். 14 வயது கடந்தும் எந்த அறிகுறியும் தெரியவில்லை என்றால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அதற்கு முன்பு கவலைப்பட ஒன்றுமில்லை.

குரலையும் பார்ப்போம். தொண்டையில் உள்ள குரல்வளைக்குள் குரல்நாண்கள் இருக்கின்றன. பருவ வயதில் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஹார்மோன் குரல்வளையைப் பெரிதாக்குகிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. கிட்டாரின் தடித்த கம்பி மெதுவாக அதிர்ந்து தாழ்ந்த ஒலி எழுப்புவதுபோல, தடித்த குரல்நாண்களும் மெதுவாக அதிர்கின்றன. வளர்ந்த ஆண் பேசும்போது அவை வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறை அதிர்கின்றன. பெண் பேசும்போது ஏறத்தாழ 200 முறை. இவை சராசரிகள்தாம். குரல்வளையின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். மூக்கின் நீளம் மாறுவதைப் போல. மென்மையான குரலுள்ள ஆணின் தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லை.

பலர் வெளியே சொல்லக் கூச்சப்படும் இன்னொரு செய்தியும் உண்டு. பருவ வயதுப் பையன்களில் மிகப் பலருக்கு மார்புப் பகுதி சற்றே வீங்கும். தொட்டால் வலிக்கவும் செய்யும். ஹார்மோன்களின் அளவு ஏறி இறங்குவதால் வரும் மாற்றம் இது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். திடலில் சட்டையைக் கழற்ற மறுக்கும் நண்பனைக் கேலி செய்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘ஆண் ஹார்மோன்’ ஆணுக்கு மட்டுமா?

டெஸ்டோஸ்டெரோன் 1935ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் காளையின் விதைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதனால் அதற்கு ‘ஆண் ஹார்மோன்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால், பெண்ணின் உடலிலும் அது சுரக்கிறது. சூலகங்களும், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளும் அதை உருவாக்குகின்றன. ஆணின் உடலில் அதன் அளவு பல மடங்கு அதிகம் என்பது உண்மைதான். தசை வளர்ச்சி, குரல், முகத்தில் முடி ஆகியவற்றில் அந்த வேறுபாடு தெரிகிறது.

இனி மறுபக்கம். ‘பெண் ஹார்மோன்’ என்று அழைக்கப்படும் எஸ்ட்ரோஜன் ஆணின் உடலிலும் இருக்கிறது. டெஸ்டோஸ்டெரோனின் ஒரு பகுதியை எஸ்ட்ரோஜனாக மாற்றும் நொதி ஒன்று ஆணின் உடலிலேயே உண்டு. அந்த எஸ்ட்ரோஜன் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1994இல் மருத்துவர்கள் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். மரபணு மாற்றத்தால் அவர் உடல் எஸ்ட்ரோஜனுக்குச் செவிசாய்க்கவில்லை. அவர் உயரம் 2 மீட்டரைத் தாண்டியிருந்தது. எலும்பு முனைகள் மூடாததால் அந்த வயதிலும் அவர் வளர்ந்துகொண்டே இருந்தார். எலும்புகளோ முதியவரின் எலும்புகளைப்போல் வலுவிழந்திருந்தன. ஓர் ஆணின் எலும்பு உறுதியாக இருக்க ‘பெண் ஹார்மோன்’ வேண்டும் என்று அந்த ஒருவரின் உடல் மருத்துவ உலகுக்குக் காட்டியது.

நம்பிக்கை செய்த வேலை

“சரி, டெஸ்டோஸ்டெரோன் மனிதனை முரடனாக்குகிறதே?” என்று நீங்கள் கேட்கலாம். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் செய்த ஒரு பரிசோதனை 2010இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. 121 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். சிலருக்கு டெஸ்டோஸ்டெரோன் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மருந்து. யாருக்கு எது கிடைத்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

பிறகு ஒரு விளையாட்டு. ஒருவர் கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பங்கிடலாம் என்று அவர் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் ஏற்றால் இருவருக்கும் பணம். மறுத்தால் இருவருக்கும் வெறுங்கை.

டெஸ்டோஸ்டெரோன் பெற்றவர்கள் பேராசையோடு நடந்துகொண்டார்களா? இல்லை. மற்றவர்களைவிட நியாயமாகப் பங்கிட்டார்கள். ஆனால், “எனக்கு டெஸ்டோஸ்டெரோன்தான் கொடுத்திருக்கிறார்கள்” என்று நம்பியவர்கள் குறைவாகவே பங்கு தர முன்வந்தார்கள். அவர்களுக்கு உண்மையில் எது கொடுக்கப்பட்டிருந்தாலும் இதே நிலைதான்.

இதைச் சற்று நிதானமாக யோசியுங்கள். ஹார்மோன் செய்யாத முரட்டுத்தனத்தை, ஹார்மோனைப் பற்றிய நம்பிக்கை செய்தது. “ஆம்பளைன்னா இப்படித்தான் இருப்பான்” என்று ஆயிரம் முறை கேட்டு வளரும் பையனுக்கும் இதுபோன்ற ஒன்று நடக்காதா?

குழந்தையைத் தூக்கும் கைகள்

ஹார்மோன் ஆணை இயக்குகிறது என்று மட்டும் நாம் நினைக்கிறோம். ஆண் வாழும் வாழ்க்கையும் ஹார்மோனை மாற்றுகிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 ஆண்களை நான்கரை ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை சோதித்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. தொடக்கத்தில் டெஸ்டோஸ்டெரோன் அதிகமாக இருந்தவர்களே பின்னர் துணையுடன் வாழும் தந்தையராக இருக்கும் வாய்ப்பு அதிகம். அப்படித் தந்தையான பிறகு அவர்களின் டெஸ்டோஸ்டெரோன் அளவு வெகுவாகக் குறைந்தது. ஒரு நாளில் 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைக் கவனித்துக்கொண்ட தந்தையரிடம் அது இன்னும் குறைவாக இருந்தது.

இங்கே கவனம் தேவை. பிள்ளையைக் கவனித்ததால் அளவு குறைந்ததா, அளவு குறைந்தவர்கள் அதிகம் கவனித்தார்களா என்பதை இந்த ஓர் ஆய்வை வைத்து முழுமையாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. பிள்ளை வளர்ப்பதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் தன்மை ஆணின் உடலிலேயே இருக்கிறது. குழந்தைக்கு நாப்பி மாற்றும் அப்பா தன் இயல்புக்கு மாறாக எதையும் செய்யவில்லை.

கண்ணீருக்கு ஆண், பெண் தெரியுமா?

நம் கண்ணில் மூன்று வகைக் கண்ணீர் உண்டு. கண்ணை எப்போதும் ஈரமாக வைத்திருப்பது ஒன்று. வெங்காயம் நறுக்கும்போதும் தூசி விழும்போதும் வருவது இரண்டாவது. துக்கத்தாலும் மகிழ்ச்சியாலும் வருவது மூன்றாவது. மூன்றையும் உருவாக்கும் சுரப்பிகளும் நரம்புகளும் ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு.

வளர்ந்தவர்களில் பெண்கள் அடிக்கடி அழுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அதில் ஹார்மோனுக்கும் பங்கு இருக்கலாம். வளர்ப்புக்கும் பங்கு இருக்கலாம். ஆனால், “ஆண்கள் குறைவாக அழுகிறார்கள்” என்பது ஒரு கணக்கு. “ஆண் அழக்கூடாது” என்பது ஒரு கட்டளை. முதலாவதை அறிவியல் அளக்க முடியும். இரண்டாவதை மனிதர்கள்தாம் போடுகிறார்கள்.

பாடம் தொட்டிலிலேயே தொடங்குகிறது

இந்தக் கட்டளை எப்போது தொடங்குகிறது? 1976இல் அமெரிக்காவில் 204 பேருக்கு ஒரு காணொளி காட்டப்பட்டது. அதில் 9 மாதக் குழந்தை ஒன்று, பெட்டியிலிருந்து திடீரென்று துள்ளி எழும் பொம்மையைக் கண்டு திகைத்து அழுகிறது. பார்த்தவர்களில் ஒரு பகுதியினரிடம் அது ஆண் குழந்தை என்றும், மற்றவர்களிடம் பெண் குழந்தை என்றும் சொன்னார்கள். குழந்தை ஒன்றுதான், காணொளியும் ஒன்றுதான். ஆண் என்று நம்பியவர்கள் அதன் அழுகையில் கோபத்தைக் கண்டார்கள். பெண் என்று நம்பியவர்கள் பயத்தைக் கண்டார்கள்.

2000ஆம் ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வில், 11 மாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம் ஒரு சரிவுப் பலகையைக் காட்டி, “உங்கள் குழந்தை எவ்வளவு சரிவில் தவழ்ந்து இறங்கும்?” என்று கேட்டார்கள். ஆண் குழந்தைகளின் தாய்மார்கள் திறமையைக் கூட்டிச் சொன்னார்கள். பெண் குழந்தைகளின் தாய்மார்கள் குறைத்துச் சொன்னார்கள். குழந்தைகளைத் தவழவிட்டுப் பார்த்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடே இல்லை.

அந்தத் தாய்மார்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நாம் எல்லாருமே இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்க்கிறோம். பையனின் பயம் கோபமாகத் தெரிந்தால், அவனுக்கு யார் ஆறுதல் சொல்வார்கள்? பெண் பிள்ளையின் திறமை குறைவாகத் தெரிந்தால், அவளை யார் ஏறவிடுவார்கள்?

சராசரியும் நீங்களும்

ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரம். ஆனாலும் உங்கள் வகுப்பிலேயே பல பையன்களைவிட உயரமான மாணவி ஒருவர் இருப்பார். அவரைப் பார்த்து யாரும் “நீ பெண்ணே இல்லை” என்று சொல்வதில்லை. சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. தனி ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை.

மனப்பண்புகளிலும் திறன்களிலும் வேறுபாடு இதைவிடக் குறைவு. உளவியல் அறிஞர் ஜேனட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். அவற்றில் அளக்கப்பட்ட ஆண் - பெண் வேறுபாடுகளில் 78 விழுக்காடு மிகச் சிறியவை அல்லது இல்லாததற்குச் சமம். மூளையும் அப்படித்தான். ஆணின் மூளை சராசரியாகச் சற்றுப் பெரியது. ஆனால், 2015இல் டாப்னா ஜோயல் என்ற நரம்பியல் அறிஞரின் குழு 1,400க்கும் மேற்பட்ட மூளைகளின் எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்தபோது, முழுக்க முழுக்க ‘ஆண் பக்கம்’ அல்லது ‘பெண் பக்கம்’ சாய்ந்த மூளைகள் அரிதாகவே கிடைத்தன. பெரும்பாலானவை இரண்டும் கலந்தவை.

நம் வழக்கத்தையும் பாருங்கள். சிறந்த சமையலுக்குத் தமிழில் ‘நளபாகம்’ என்று பெயர். நளன் ஓர் ஆண், அரசன். நம் கல்யாணச் சமையலுக்கு அண்டா வைப்பவர்களும், கடையில் ரொட்டி சானாய் வீசுபவர்களும் பெரும்பாலும் ஆண்கள். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் மாலை கட்டும் ஆண்களை நீங்கள் பார்த்திருக்கலாம். சம்பளம் வந்தால் அது ஆண் செய்யும் தொழில். அதே வேலையை வீட்டில் செய்தால் “பொம்பள வேலை”. இந்தக் கோட்டை இயற்கை கிழிக்கவில்லை.

இழப்பது யார்?

இந்த அளவுகோல் பெண்களைத் தடுத்தது நமக்குத் தெரியும். அண்டை நாடான சிங்கப்பூரில் 1979 முதல் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற வரம்பு இருந்தது. பெண் மருத்துவர்கள் குடும்பத்தைக் கவனிக்க வேலையை விட்டுவிடுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2003இல்தான் அது நீக்கப்பட்டது. “பிள்ளை வளர்ப்பது பெண்ணின் வேலை” என்ற ஒரே விதி, அப்பாவைத் தொட்டிலிலிருந்து தள்ளி வைத்தது. மகளை மருத்துவக் கல்லூரி வாசலில் நிறுத்தியது. ஆகவே பாலினச் சமத்துவம் பெண்களுக்கு மட்டுமான பேச்சு இல்லை. அளவுகோல் ஒன்று, அதன் இரண்டு முனையும் குத்தும்.

பையன்களைக் குத்தும் முனை சில நேரங்களில் உயிரையே பறிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆண்களின் விகிதம் உலக அளவில் பெண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இதற்குப் பல காரணங்கள் உண்டு. மனம் உடைந்தாலும் வாய் திறக்கக்கூடாது, உதவி கேட்டால் கோழை என்ற பாடம் அவற்றில் ஒன்று. வலியைச் சொல்லத் தெரியாமல் வளர்க்கப்பட்டவன், வலி பெரிதாகும்போதும் சொல்லாமலே இருந்துவிடுகிறான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

கேலிக்கு ஆளாகும் பையனா நீங்கள்? உங்கள் உடலிலும் மனத்திலும் திருத்த வேண்டிய பிழை எதுவும் இல்லை. காற்பந்து பிடிக்காமல் இருப்பதும், பரதம் பிடிப்பதும், படம் பார்த்து அழுவதும் நோயல்ல. கேலி தொடர்ந்தால் அது பகடிவதை. எப்போது, எங்கே, யார், என்ன சொன்னார் என்று எழுதி வையுங்கள். நம்பும் ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ சொல்லுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999 எண்ணையோ, கோலாலம்பூர் பிஃபிரண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணையோ அழைத்துப் பேசலாம்.

பக்கத்தில் இருந்து பார்ப்பவரா? கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்காமல் இருப்பதே பெரிய உதவி. பிறகு அவன் அருகில் போய் உட்காருங்கள். ஒருவனின் நடையையும் குரலையும் வைத்து அவனைப் பற்றி எதையும் முடிவு கட்ட முடியாது. அவன் யார் என்பதைச் சொல்ல வேண்டியவன் அவன். அவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும், அவனைக் கேலி செய்யும் உரிமை யாருக்கும் இல்லை.

செய்து பாருங்கள்

அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்ததும் ஆணா பெண்ணா என்று தெரியக்கூடாது. இருபது பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். பத்துப் பேரிடம் “இது கவின்” என்றும், பத்துப் பேரிடம் “இது கவிதா” என்றும் சொல்லுங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்வி: “இந்தக் குழந்தைக்குக் கோபமா, பயமா?”

தற்சார்பு மாறி: குழந்தையின் பெயர். சார்பு மாறி: கிடைத்த பதில். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்: படமும் கேள்வியும். பதில்களை அட்டவணையில் குறித்து ஒப்பிட்டுப் பாருங்கள். இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. வேறுபாடு தெரியாமலும் போகலாம். எது கிடைத்தாலும் அப்படியே எழுதுங்கள். முடிந்ததும் பங்கேற்ற எல்லாரிடமும் உண்மையைச் சொல்லி, முடிவைக் காட்டுங்கள். அப்போது அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.